ஐப்பசி மழையில் பொரித்த கின்னிக்கோழிக் குஞ்சுகள்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

திண்டுக்கல் மாவட்டத்தில் மலையடிவாரத்துத் தென்னந்தோப்பு ஒன்றில் குடியிருக்கும் குடும்பம் இது. கணவர் லாரி ஓட்டுகிறார். மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருப்பதில்லை. தோப்பையும் இரண்டு மாடுகளையும் கோழிகளையும் மனைவியும் மாமியாரும்தான் பார்த்துக்கொள்கிறார்கள். நான் கால்நடை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன், பக்கத்து ஊர்க்காரன். பெயர், ஊர் இல்லாமல் எழுதலாம் என்று அவர்கள் ஒப்புக்கொண்ட பிறகே இதை எழுதுகிறேன்.

தோப்பில் ஒன்பது கின்னிக்கோழிகள் இருந்தன, உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி விழுந்த சாம்பல் நிறத்தவை. எங்கள் பக்கத்தில் இந்தப் பறவையை இறைச்சிக்காக வளர்ப்பவர்கள் குறைவு. புது ஆள் வந்தாலும் பாம்பு ஊர்ந்தாலும் கூட்டமாகக் கத்தித் தோப்பையே எழுப்பிவிடும் என்பதற்காகத்தான் வாங்கி விடுகிறார்கள். அக்கம்பக்கத்துத் தோப்புக்காரர்கள் குஞ்சு கேட்டுக்கொண்டே இருந்ததால், பொரிக்க வைத்து ஒரு மாதக் குஞ்சாக விற்கலாம் என்று மருமகள் முடிவு செய்தார். 60 முட்டை கொள்ளும் சிறிய இன்குபேட்டர் ஒன்றும் வாங்கினார்.

கின்னிக்கோழி புதருக்குள் ஒளித்துத்தான் முட்டையிடும். எல்லா முட்டைகளையும் எடுத்துவிட்டால் இடத்தை மாற்றிவிடும் என்பதால் நான்கைந்தை விட்டுவிட்டு மீதியை எடுத்து வந்தார்கள். செப்டம்பர் 26 அன்று இன்குபேட்டரில் 56 முட்டைகள் வைத்தார்கள். அதே நாளில் மாமியார், அடைக்கு உட்கார்ந்திருந்த ஒரு நாட்டுக்கோழிக்குக் கீழே 12 முட்டைகள் வைத்தார். மருமகளுக்கு அதில் விருப்பமில்லை. நாட்டுக்கோழி முட்டை 21 நாளில் பொரிந்துவிடும். கின்னிக்கு 26 முதல் 28 நாள் ஆகும். அதுவரை கோழி உட்காராது என்பது அவர் கணக்கு. கோழி உட்கார்ந்தது. பின்னால் நடந்ததைப் புரிந்துகொள்ள அந்த 12 முட்டைகள் எங்களுக்குப் பெரிய உதவியாக இருந்தன.

அக்டோபர் 23 அன்று குஞ்சுகள் வெளிவந்தன. இன்குபேட்டரில் 10 முட்டைகள் கூமுட்டை, 5 ஓட்டுக்குள்ளேயே இறந்தவை, 41 குஞ்சுகள் பொரித்தன. கோழிக்குக் கீழே 9. முதல் முயற்சிக்கு இது நல்ல பொரிப்பு.

முதல் ஐந்து நாட்கள்

மாட்டுக் கொட்டகையை ஒட்டிய சிமெண்ட் தரை அறையில் நான்கு பக்கமும் பலகை வைத்துச் சதுரமாக அடைத்து, தரையில் செய்தித்தாள் விரித்து, இரண்டடி உயரத்தில் 100 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார் மருமகள். உமி போட்டால் குஞ்சு தின்றுவிடும் என்று யாரோ சொன்னதால் போடவில்லை. வெப்பமானி சுவரில் ஆணியில் தொங்கியது. தண்ணீர் ஒரு தட்டில். தீவனம் நொய்யும் இடித்த கம்பும்.

முதல் இரண்டு நாள் எல்லாம் சரியாகவே இருந்தது. அது ஏமாற்றும் காலம். முட்டையின் மஞ்சள் கருவில் மிச்சமிருப்பது பொரிக்கும் முன்பு குஞ்சின் வயிற்றுக்குள் போய்விடுகிறது. இரண்டு மூன்று நாளைக்கு அதை வைத்தே குஞ்சு தாக்குப்பிடிக்கும். நாம் வைத்த ஏற்பாட்டில் குறை இருந்தால் மூன்றாம் நாளுக்குப் பிறகுதான் அது வெளியே தெரியும்.

25ஆம் தேதி இரவு மழை பிடித்தது. ஒரு மணிக்குப் போன கரண்ட் ஐந்து மணிக்குத்தான் வந்தது. விடிந்து பார்த்தபோது மூலையில் குவியலாகக் கிடந்ததில் அடியில் இருந்த 6 குஞ்சுகள் இறந்திருந்தன. 27ஆம் தேதி காலை இன்னும் 3. குளிர்தான் காரணம் என்று மருமகள் சரியாகவே நினைத்து, அன்றே இன்னொரு 100 வாட் பல்பைப் பக்கத்தில் கட்டினார். 28ஆம் தேதி காலை 2 இறந்து கிடந்தன. அப்போதுதான் எனக்குப் போன் வந்தது.

"அண்ணே, வெள்ளைக் கழிச்சலுக்குனு கடையில பொடி குடுத்தாங்க, வாங்கி வெச்சிட்டேன். எவ்வளவு கலக்கணும்னு மட்டும் சொல்லுங்க" என்றார். நான் வந்து பார்க்கும்வரை எதையும் கலக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, இறந்த இரண்டையும் எடுத்து வைக்கச் சொன்னேன்.

நேரில் கண்டது

காலை ஏழு மணி. தூறல் நிற்கவில்லை. இரண்டு பல்பும் எரிந்துகொண்டிருந்தன, சுவர் வெப்பமானி 31 டிகிரி காட்டியது. மீதி 30 குஞ்சுகளும் பல்புக்கு எதிர்ப்பக்க மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. வெளிச்சத்துக்குக் கீழே ஒன்றுகூட இல்லை.

வெப்பமானியைக் கழற்றி, குஞ்சின் முதுகு உயரத்தில் பிடித்து இடம் இடமாக வைத்துப் பார்த்தேன். இரண்டு பல்புக்கும் நேர் கீழே 41 டிகிரி. குஞ்சுகள் கிடந்த மூலையில் 27. குஞ்சுக்கு முதல் வாரம் 35 டிகிரி வேண்டும். அந்த அடைப்புக்குள் 35 டிகிரி இருந்தது ஒரு கையகல வளையத்தில் மட்டுமே. அதைத் தாண்டி ஒரு பக்கம் சூடு, மறு பக்கம் குளிர். கூடுதல் பல்பு குஞ்சுகளைக் காப்பாற்றுவதற்குப் பதில் நடுவிலிருந்து விரட்டி மூலைக்கு அனுப்பியிருந்தது.

செய்தித்தாளைத் தூக்கிவிட்டுத் தரையில் கை வைத்தேன். ஈரம், கிணற்றுக்கல் மாதிரிச் சில்லிப்பு. தட்டுத் தண்ணீரில் குஞ்சுகள் ஏறி இறங்கியதில் தாள் ஊறியிருந்தது. ஒரு குஞ்சைத் திருப்பிப் பார்த்தேன். முதுகுப் பூமுடி (இறகு முளைக்கும் முன் இருக்கும் மென்முடி) காய்ந்திருந்தது, வயிற்றுப் பக்கம் நனைந்து ஒட்டியிருந்தது. கின்னிக் குஞ்சு பொரிக்கும்போது சுமார் 25 கிராம்தான் இருக்கும். அந்த உடம்பில் வயிறு நனைந்து, கீழே ஈரச் சிமெண்டும் இருந்தால், மேலே எத்தனை பல்பு எரிந்தாலும் சூடு தரைக்குப் போய்விடும். நான்கு குஞ்சுகளுக்குக் கால்கள் இரண்டும் பக்கவாட்டில் அகன்று போயிருந்தன. வழுவழுப்பான தாளில் முதல் நாட்களில் நின்ற குஞ்சுகளுக்கு வரும் கோளாறு அது.

பிறகு திண்ணைக்குப் போனேன். அங்கே பஞ்சாரத்துக்குள் சாக்கின் மேல் நாட்டுக்கோழி உட்கார்ந்திருந்தது. மாமியார் அதை லேசாகத் தூக்கிக் காட்டினார். ஒன்பதும் உயிரோடு, உலர்ந்து, துடியாக இருந்தன.

இந்த ஆய்வில் எனக்கு முக்கியமாகப் படுவது அந்த ஒரு நிமிடம்தான். முட்டைகள் அதே கூட்டத்துப் பறவைகளுடையவை. பொரித்த நாள் ஒன்று. தண்ணீரும் நொய்யும் கம்பும் ஒன்று. மழையும் கரண்ட் போன இரவும் ஒன்று. தொற்று நோய் என்றால் பதினைந்தடி தள்ளியிருந்த இந்தக் கூட்டத்திலும் ஒன்றிரண்டாவது சுணங்கியிருக்க வேண்டும். வேறுபட்டவை இரண்டுதான்: கோழியின் உடம்புச் சூடு, காலுக்குக் கீழே உலர்ந்த சாக்கு.

"மூணு ராத்திரியா சொல்றேன் தம்பி" என்றார் மாமியார். "பசிக்கு ஒரு கத்தல், குளுருக்கு ஒரு கத்தல். உள்ள கேக்கிறது குளுருக் கத்தல்." மருமகள் பதில் சொல்லவில்லை. அவரைக் குறை சொல்லவும் முடியாது. வெப்பமானி 31 என்று காட்டும்போது அதைத்தானே நம்புவார்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

மருந்து முதலில் வேண்டாம் என்பது முதல் முடிவு. தயக்கமில்லாமல் எடுத்ததாகச் சொல்ல மாட்டேன். பதினோரு குஞ்சுகள் போன வீட்டில், கையில் மருந்தை வைத்துக்கொண்டு கொடுக்காதே என்பது எளிதல்ல. அதனால் இறந்த இரண்டையும் காலையிலேயே அரசு கால்நடை மருந்தகத்துக்கு எடுத்துப் போனோம். மருத்துவர் அறுத்துப் பார்த்தார். இரண்டிலும் மஞ்சள் கரு கரையாமல் அப்படியே இருந்தது. ஆனால் கெட்ட வாடை இல்லை, தொப்புள் நன்றாக மூடியிருந்தது. இரைப்பை வெறுமையாக இருந்தது. தொப்புள் வழி தொற்று என்றால் கரு நிறம் மாறி நாற்றமடித்திருக்கும். குளிர் பட்ட குஞ்சில் கரு கரைவதும் நின்றுவிடும், அது எழுந்து போய்த் தின்னவும் செய்யாது. குளிரே காரணம் என்று அவரும் சொன்னார். பொடி பிரிக்கப்படாமலே கடைக்குத் திரும்பியது.

மதியத்துக்குள் அடைப்பை மாற்றினோம். மூலை இருந்தால் குவியும் என்பதால் ஒன்றரை அடி உயரத் தகரத் தகட்டை ஐந்தடி குறுக்களவில் வட்டமாக வளைத்தோம். சிமெண்டின் மேல் அட்டைப்பெட்டிகளைப் பிரித்து இரண்டு அடுக்கு, அதன்மேல் இரண்டு அங்குலத்துக்கு உமி, உமியின் மேல் முதல் மூன்று நாளைக்குக் கோணிச் சாக்கு. சாக்கு கால் வழுக்காமல் பிடிப்புத் தரும். குஞ்சு தீவனம் எது என்று பழகும்வரை உமியைக் கொத்தாமலும் இருக்கும். தோப்பில் தேங்காய் நார்க் கழிவு மலைபோல் கிடந்தது. அதைப் போடலாமா என்று கேட்டார் மருமகள். மழைக்காலத்தில் அது ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் என்று நான்தான் தடுத்தேன்.

100 வாட் இரண்டையும் கழற்றி 60 வாட் இரண்டு போட்டோம். ஒன்று ஃபியூஸ் போனால் மற்றொன்று காக்கும் என்பதற்காகவே இரண்டு. இரண்டையும் வட்டத்தின் ஒரு பக்கத்தில், கயிற்றில் ஏற்றி இறக்கும்படி கட்டினோம். பல்புக்குக் கீழே குஞ்சின் முதுகு உயரத்தில் 35, எதிர்ப்பக்கம் 30. வேண்டுமென்கிற குஞ்சு சூட்டுக்கு வரும், போதுமென்கிற குஞ்சு விலகும். வட்டம் முழுவதும் ஒரே சூடாக இருக்க வேண்டும் என்று பலர் நினைப்பது தவறு.

கரண்ட் போனால் என்ன செய்வது என்பதில்தான் நேரம் எடுத்தது. மாமியார் மண்சட்டியில் கங்கு போட்டுச் சாம்பல் மூடி வைக்கலாம் என்றார். நாட்டுக்கோழிக் குஞ்சுக்கு அப்படி வைப்பதைச் சிறு வயதிலிருந்து நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் இது மழைக்குச் சன்னல் அடைத்த அறை, புகை தெரியாவிட்டாலும் கரியிலிருந்து வரும் நச்சு வாயு தெரியாமல் கொல்லும். குஞ்சோடு படுத்திருக்கும் மனுஷிக்கும் ஆபத்து. எவர்சில்வர் தூக்கில் கொதிநீர் ஊற்றிச் சாக்கில் சுற்றி வைக்கலாம் என்றேன் நான். "தண்ணி ஆறிரும். செங்கல்லச் சுட்டு வைங்க" என்றார் அவர். அன்று மாலையே இரண்டையும் சோதித்தோம். செங்கல்தான் நின்றது. அடுப்பின் மேல் இரண்டு, வட்டத்துக்குள் சாக்கில் சுற்றிய இரண்டு, மாற்றி மாற்றி வைப்பது என்று முடிவானது.

தண்ணீருக்குக் குப்பி கவிழ்த்த கலம், அதன் விளிம்பில் கூழாங்கல் நிரப்பி, செங்கல் துண்டின் மேல் வைத்தோம். கல் இருந்தால் அலகு மட்டும் நுழையும், குஞ்சு இறங்கி நனையாது. தீவனத்தை மாற்றியது குளிருக்காக அல்ல, மீதி வாரங்களுக்காக. நாட்டுக்கோழிக் குஞ்சு நொய்யில் தேறிவிடும். கின்னிக் குஞ்சுக்கு முதல் நான்கு வாரம் 24 சதவீதத்துக்கு மேல் புரதம் வேண்டும். பிராய்லர் முதல் பருவத் தீவனத்தோடு அவித்த முட்டையை நொறுக்கிக் கலந்தோம். தோப்பில் கிடைத்த கரையானையும் தட்டிப் போட்டார்கள். மூட்டையின் சீட்டைப் படித்துத்தான் வாங்கச் சொன்னேன். பிராய்லர் தீவனத்தில் இரத்தக் கழிச்சலுக்காகச் சேர்க்கும் சாலினோமைசின் வான்கோழிக்கு நஞ்சு; கின்னிக்கும் அதைக் கொடுத்துப் பார்க்க வேண்டியதில்லை.

கால் அகன்ற நான்கு குஞ்சுகளுக்கும் மெத்தென்ற கம்பளி நூலால் இரண்டு கால்களையும் நிற்கும் அகலத்துக்குச் சேர்த்துக் கட்டினோம், நடக்க இடம் விட்டு.

மிகவும் சுணங்கிய ஐந்தை இரவில் கோழிக்கு அடியில் விடலாம் என்றது மாமியார். கொத்திவிடும் என்று நான் பயந்தேன். இருட்டில் ஒவ்வொன்றாக நுழைத்தார், கோழி ஏற்றுக்கொண்டது. ஆனால் விடிந்ததும் அது கூப்பிட்ட குரலுக்கு அந்த ஐந்தும் போகவில்லை. பல்பு வெளிச்சத்தையே தாயாகப் பழகிவிட்டிருந்தன. அதனால் இரவில் கோழிக்கு அடியில், பகலில் வட்டத்தில் என்று மூன்று நாள் ஓடியது.

பின் நடந்தவை

29ஆம் தேதி ஒன்று, 30ஆம் தேதி ஒன்று இறந்தன. இரண்டும் ஏற்கெனவே சுணங்கியவை. கால் கட்டிய நான்கில் மூன்று தேறின, ஒன்று நவம்பர் முதல் வாரத்தில் போனது. மீதி 27. நவம்பர் 2 இரவு மறுபடி மூன்று மணி நேரம் கரண்ட் போனது. அன்று ஒன்றும் சாகவில்லை. மாமியார் அறையிலேயே கட்டில் போட்டுப் படுத்திருந்தார். கத்தல் மாறியதுமே எழுந்து செங்கல்லை மாற்றியிருக்கிறார். மருமகள் ஒரு நோட்டில் இரவு பத்து, ஒன்று, நான்கு மணிக்குக் குஞ்சுகள் எங்கே படுத்திருக்கின்றன என்று எழுதி வந்தார். "பரவி இருக்கு" என்று தொடர்ந்து ஆறு இரவு எழுதியிருந்த பக்கம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

வெள்ளைக் கழிச்சல் வராமல் தடுக்கும் லசோட்டா சொட்டு மருந்தை வழக்கமாக ஏழாம் நாள் போடுவோம். குஞ்சுகள் தேறட்டும் என்று மருத்துவர் தள்ளிவைத்து நவம்பர் 4 அன்று போட்டார். வாரத்துக்கு 3 டிகிரி வீதம் பல்பை உயர்த்திச் சூட்டைக் குறைத்து வந்தோம். இரண்டு வாரத்திலேயே தகட்டைத் தாண்டிக் குதிக்கத் தொடங்கியதால் மேலே வலை போட வேண்டியிருந்தது.

அடுத்த தவறு என்னுடையது. நவம்பர் 11 அன்று நல்ல வெயில். இறக்கையில் இறகு வந்துவிட்டது, மூன்று வாரம் ஆகப்போகிறது, பகலில் வெளியே வலைக்குள் விடுங்கள், பல்பும் வேண்டாம் என்று சொன்னேன். இறக்கையில் இறகு இருந்தாலும் நெஞ்சிலும் வயிற்றிலும் பூமுடிதான் இருக்கும் என்பது எனக்குத் தெரியாததல்ல. வெயிலைப் பார்த்ததும் மறந்தேன். நான்கு மணிக்கு மேல் திடீர்த் தூறல். மருமகள் மாட்டுக்குப் புல் அறுக்கப் போயிருந்தார். ஓடி வந்து சேர்ப்பதற்குள் புல்லிலேயே நனைந்துவிட்டன. துவட்டி, செங்கல் வைத்து, பல்பு போட்டும் மறுநாள் காலைக்குள் 3 போய்விட்டன. அந்த மூன்றையும் என் கணக்கில்தான் எழுதியிருக்கிறேன்.

நான்காம் வாரத்தில் இரண்டு குஞ்சுகள் இரத்தமாகக் கழிந்தன. ஈர உமியை முழுதும் அள்ளிப் புது உமி போட்டு, மருத்துவர் எழுதிய ஆம்ப்ரோலியத்தைத் தண்ணீரில் கொடுத்தோம். ஒன்று இறந்தது, பரவவில்லை.

டிசம்பர் 18, எட்டு வாரம் முடிந்தபோது இன்குபேட்டர் குஞ்சுகள் 41இல் 23 இருந்தன. கோழியோடு வளர்ந்த 9இல் 8. ஒன்றைக் காக்கை தூக்கிப் போனது.

இனி மாற்ற வேண்டியவை

முட்டை வைக்கும் நாளைப் பற்றி யாருமே யோசிக்கவில்லை. செப்டம்பர் கடைசியில் வைத்தால் குஞ்சு வடகிழக்குப் பருவமழை தொடங்கும் வாரத்தில் பிறக்கும் என்று விரலை மடக்கி எண்ணினாலே தெரிந்திருக்கும். கின்னி பருவம் பார்த்து முட்டையிடும் பறவை, கிடைக்கும்போது வைத்துவிட வேண்டும் என்ற அவசரம் புரிகிறது. ஆனால் அந்தக் கடைசி ஈட்டு முட்டையைச் சமையலுக்கு எடுத்துக்கொண்டு, பங்குனி, சித்திரையில் கிடைக்கும் முட்டையை வைப்பதுதான் எங்கள் பக்கத்து வானிலைக்குப் பொருந்தும்.

குஞ்சு பொரித்த பிறகு அடைப்பு தயார் செய்ததும் மாற வேண்டும். ஒரு நாள் முன்னதாகவே உமி போட்டு, பல்பு எரியவிட்டு, தரை சூடேறியிருக்கிறதா என்று கை வைத்துப் பார்த்துவிட்டுக் குஞ்சை இறக்க வேண்டும். வெப்பமானி சுவரில் இருக்கக் கூடாது, கயிறு கட்டிக் குஞ்சின் முதுகு உயரத்தில் தொங்க வேண்டும். அதைவிட, இரவு ஒரு மணிக்கு எழுந்து அவை பரவிப் படுத்திருக்கின்றனவா, குவிந்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ஈரத்தைக் குளிரிலிருந்து பிரித்துப் பார்த்ததுதான் தொடக்கத்தில் நடந்த பிழை. குளிர் என்று கண்டுபிடித்தவர் பல்பைக் கூட்டினார். தாளைத் தூக்கித் தரையைத் தொட்டுப் பார்க்கவில்லை. அந்த ஒரு காரியத்தை 26ஆம் தேதி காலையிலேயே செய்திருந்தால் அடுத்த இரண்டு நாளில் போன ஐந்தில் சிலவற்றையாவது காப்பாற்றியிருக்கலாம் என்று நினைக்கிறேன்.

என் பங்குக்கு, ஐந்து வாரம் முடிந்து நெஞ்சில் இறகு மூடும்வரை, எப்பேர்ப்பட்ட வெயிலானாலும், ஆள் பக்கத்தில் இல்லாமல் வெளியே விடச் சொல்வதில்லை.

அடுத்த சித்திரையில் மருமகள் 40 முட்டைகள் வைத்தார். 31 பொரித்தன, மூன்று வாரத்தில் 2 இறந்தன. பொரிப்பதற்கு முந்தின நாள் போன் செய்து, "தரை சூடா இருக்குண்ணே, கை வெச்சுப் பாத்துட்டேன்" என்றார். நான்கு செங்கற்கள் அடுப்படியில் தயாராக இருந்தன. அந்தக் கோடையில் அவற்றை எடுக்க வேண்டி வரவில்லை.